தலைமாட்டு ரேடியோ: கரண்டு, ஏரியல், பஞ்சு

செல்போனே அலாரம் அடிக்கும்போது தலைமாட்டுக்குத் தனியாக ஒரு ரேடியோ எதற்கு என்று கேட்பார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்தவர் போனைக் கையில் எடுத்தால், அதைக் கீழே வைப்பதற்குள் பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது. அதற்காகத்தான். கடிகாரம், அலாரம், எஃப்எம், இரண்டு சின்ன ஸ்பீக்கர், சிலவற்றில் சிடி, பென்டிரைவ், புளூடூத் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய இந்தச் சாமானைக் கடையில் வாங்கியவர்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்து கொடுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோ மேல் வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தக் குறிப்புகள். செட் கெட்டுப்போச்சு என்று மெக்கானிக்கிடம் தூக்கிப்போகும் முன் கரண்டு, ஏரியல், பஞ்சு ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள். திருப்பூரில் பாதிக் கோளாறு இவற்றில்தான் இருக்கும்.

1. வெளிநாட்டு செட் என்றால் பெட்டியைப் பிரித்ததும் பிளக்கைச் செருகாதீர்கள். கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ‘100-240 வோல்ட்’ என்று இருந்தால் கவலையில்லை, பிளக் மாற்றும் முனை ஒன்று போதும். ‘120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்குச் செய்தது. ‘100 வோல்ட்’ என்றால் ஜப்பானுக்குச் செய்தது. இவற்றை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி நடுவில் போடவேண்டும். ஸ்டிக்கரில் 30 வாட் என்று இருந்தால் 60 வாட்டாவது தாங்கும் டிரான்ஸ்பார்மராகப் பாருங்கள். சரிக்குச் சரியாக வாங்கினால் இரவெல்லாம் சூடேறிக்கொண்டே இருக்கும். துபாய், சிங்கப்பூர், லண்டன் செட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளக் மட்டும்தான் வேறு.

2. டிரான்ஸ்பார்மர் போட்ட பிறகும் கடிகாரம் மெதுவாக ஓடுகிறதா? செட்டில் பழுது எதுவும் இல்லை. பிளக்கில் ஓடும் பழைய கடிகார ரேடியோக்கள் பலவற்றில் குவார்ட்ஸ் கிடையாது. கரண்டின் அலைகளை எண்ணித்தான் அவை நேரம் பார்க்கின்றன. அமெரிக்காவில் நொடிக்கு 60 அலை, இங்கே 50. ஆக, அங்கத்திய கடிகாரம் இங்கே ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிடம் பின்தங்கும். இரவு 10 மணிக்குச் சரியாக வைத்துவிட்டுப் படுத்தால், காலை 6 மணிக்கு அது 4:40 காட்டிக்கொண்டிருக்கும். எட்டரைக்கு மெஷினில் உட்காரவேண்டியவர் கதை கந்தல்தான்.

சில செட்டுகளின் அடியிலோ பேட்டரி மூடிக்குள்ளோ ‘50/60’ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதை 50 பக்கம் தள்ளினால் தீர்ந்தது. அது இல்லையென்றால் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நேரத்துக்கு வேறு கடிகாரம் பாருங்கள்.

இந்தியாவுக்கென்றே செய்த செட்டுகளும் ஒரு காலத்தில் நம்மை ஏமாற்றியிருக்கின்றன. மின்பற்றாக்குறை வந்தால் கரண்டின் அலை 50க்குக் கீழே இறங்கும். நாள் முழுக்க 49.5இல் நின்றால் கடிகாரம் 14 நிமிடம் பின்தங்கிவிடும். 2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாகத் தென்மாநில மின்தொகுப்பை நாட்டின் தொகுப்போடு இணைத்தார்கள். இப்போது அலை பெரும்பாலும் 50ஐ ஒட்டியே நிற்கிறது. மாதம் ஒருமுறை செல்போனைப் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

3. அமெரிக்க செட்டில் சூரியன் எஃப்எம் கணீரென்று வருகிறது, ஹலோ எஃப்எம் மட்டும் கரகரக்கிறது என்றால் காரணம் எளிது. அங்கே எஃப்எம் நிலையங்கள் எல்லாமே 88.1, 88.3, 88.5 என்று ஒற்றைப்படையில்தான் இருக்கும். டிஜிட்டல் டியூனரும் அப்படியே தாவித்தாவிப் போகும். கோவை நிலையங்களில் ரேடியோ சிட்டி 91.1, சூரியன் 93.5, மிர்ச்சி 98.3 மூன்றும் அதன் வழியில் வருகின்றன. கொடைக்கானல் 100.5உம் அப்படித்தான். வானொலியின் ரெயின்போ 103.0, ஹலோ 106.4 இரண்டும் அதன் தாவலுக்கு நடுவில் விழுந்துவிடுகின்றன. செட்டின் கையேட்டில் ‘ஸ்டெப்’ மாற்றும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தச் சொல்லியிருப்பார்கள். முள் நகரும் பழைய டயல் செட்டுகளுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. ஜப்பானில் விற்ற பழைய செட்டுகளில் சில 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதில் நம் ஊருக்கு ஒன்றுமே கிடைக்காது, யாராவது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் ‘டிஏபி’ செட்டுகளில் எஃப்எம்மும் இருக்கிறதா என்று பாருங்கள். டிஏபி ஒலிபரப்பு இங்கே இல்லை.

4. தானாகவே நேரம் வைத்துக்கொள்ளும் செட்டுகளில் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றுங்கள். நம்முடையது ஐந்தரை மணி என்பதால் சில செட்டுகளில் அரை மணிக் கணக்கே இருக்காது. அப்படியானால் கையால்தான் வைக்கவேண்டும். கோடை நேரம் என்ற அமைப்பை அணைக்க மறக்காதீர்கள். அமெரிக்க செட்டில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கும்.

5. காலையில் கண் விழித்தால் 12:00 என்று மினுக்கிக்கொண்டிருக்கிறதா? இரவில் கரண்டு போய் வந்திருக்கிறது, உள்ளே பேக்கப் பேட்டரி இல்லை அல்லது தீர்ந்துவிட்டது. பழைய செட்டுகளில் இது 9 வோல்ட் சதுர பேட்டரி. புதியவற்றில் காசு போன்ற வட்ட பேட்டரி அல்லது இரண்டு சின்ன செல். இந்தப் பேட்டரியில் பாட்டு கேட்காது, பல செட்டுகளில் எண்கள்கூடத் தெரியாது. நேரத்தையும் அலாரத்தையும் மட்டும் நினைவில் வைத்திருக்கும். வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பிளக்கை இரண்டு நிமிடம் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். நேரம் மாறாமல் இருந்தால் சரி.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அலையை எண்ணும் செட்டுகள் பேட்டரிக்கு மாறியதும் துல்லியத்தை இழந்துவிடும். ஐந்து நிமிட கட்டுக்கு ஒன்றும் ஆகாது. பராமரிப்பு என்று பேப்பரில் போட்டு காலை 9 மணியிலிருந்து மாலை வரை நிறுத்துகிறார்களே, அன்று ராத்திரி படுக்கும் முன் நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2012இல் நாளில் பாதி நேரம் கரண்டு இல்லாமல் இருந்தபோது இந்தச் சதுர பேட்டரியை நம்பிக் கடிகாரம் வைத்தவர்கள் பாடுபட்டார்கள்.

6. வருடம் ஒருமுறை, பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பேட்டரியை மாற்றிவிடுங்கள். பயன்படாமலே கிடந்தாலும் பேட்டரி கசியும். அல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், எலுமிச்சைச் சாறு தொட்ட பட்ஸால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வெறும் விரலால் தொடவேண்டாம். ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

7. அலாரம் அடிக்கவில்லை என்பவர்களில் பலர் சிக்குவது ஒரு சின்னப் புள்ளியில்தான். 12 மணிக் கணக்குக் கடிகாரத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி எரியும். அது சில செட்டுகளில் காலையைக் குறிக்கும், சிலவற்றில் மாலையை. நேரம் வைக்கும்போதே 12 மணியைத் தாண்டவிட்டுப் புள்ளி எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 24 மணிக் கணக்குக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர் வீட்டில் இது மிகவும் முக்கியம்.

8. அலாரமாக ரேடியோ வைப்பதா, பஸ்ஸர் வைப்பதா? விடியற்காலை 5 மணிக்கு எழவேண்டியவர் வானொலி நிலையத்தை அலாரமாக வைத்தால் மோசம்போவார். உள்ளூர் வானொலி நிலையங்களின் காலை ஒலிபரப்பு 6 மணிக்குச் சற்று முன்புதான் தொடங்கும். அதற்கு முன் செட் நேரத்துக்கு ஆன் ஆகும், ஆனால் வெறும் இரைச்சல்தான் வரும். அடையாள இசையைக் கேட்டுக்கொண்டே கண் விழிப்பது சுகம்தான். வால்டர் காஃப்மன் என்ற செக் நாட்டவர் பம்பாய் நிலையத்தில் இருந்தபோது 1936இல் அமைத்த இசை அது. அந்தச் சுகம் 6 மணிக்கு எழுகிறவர்களுக்குத்தான். முந்தி எழுகிறவர்கள் இரவெல்லாம் ஓடும் தனியார் எஃப்எம்மை வையுங்கள், அல்லது பஸ்ஸர். வேலைக்குக் கட்டாயம் போகவேண்டிய நாளில் என் ஓட்டு பஸ்ஸருக்கே.

ரேடியோ அலாரம் வைப்பவர்கள் இரவு சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தூங்கியதை மறந்துவிடுகிறார்கள். பல செட்டுகளில் காலையில் அதே சத்தத்தில்தான் பாடும். அலாரத்துக்குத் தனி வால்யூம் இருந்தால் அதைக் கூட்டி வையுங்கள்.

9. ஏரியல் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுச் செட்டுக்குப் பின்னால் திணித்து வைக்காதீர்கள். சின்ன செட்டுகளில் பின்புறம் வால் போலத் தொங்கும் அந்த வயர்தான் எஃப்எம் ஏரியல். எஃப்எம் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால்வாசி, அதாவது 75 சென்டிமீட்டர் வயர் நேராக இருந்தால் நன்றாகப் பிடிக்கும். அதை விரித்து ஜன்னல் சட்டத்தில் இரண்டு இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஜன்னல் கம்பியில் சுற்றவேண்டாம்.

எந்தப் பக்க ஜன்னல் என்பதிலும் விஷயம் இருக்கிறது. நமக்குக் கோவை மேற்கே. நேர்கோட்டில் 40 கிலோமீட்டர் சொச்சம்தான். கொடைக்கானல் தெற்கே, 100 கிலோமீட்டர் பக்கம். ஆனால் அது மலை மேல் நிற்கும் நிலையம் என்பதால் அவ்வளவு தூரத்திலிருந்தும் வந்து சேர்கிறது. தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவர்களுக்கு ஊர் நினைப்பே கொடை பண்பலைதான். அவர்கள் தெற்கு ஜன்னலைப் பிடிப்பது நல்லது. டி வடிவ இரட்டை வயர் ஏரியல் வைத்திருந்தால், அதன் இரு கைகளும் நிலையத்தின் திசைக்குக் குறுக்காக நீண்டிருக்கவேண்டும். கோவைக்கு வயரை வடக்கு தெற்காக நீட்டுங்கள், கொடைக்கானலுக்குக் கிழக்கு மேற்காக.

தகர ஷீட் போட்ட லைன் வீடுகளில் சிக்னல் மேலிருந்து வராது. வாசல், ஜன்னல் பக்கம் ஒரு முழம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இதைத்தான் சொல்வார்கள்: “செட்டுல ஒண்ணுமில்லீங்க, வெச்ச எடந்தானுங்க கோளாறு.”

10. சிக்னல் குறைவான இடத்தில் ‘ஸ்டீரியோ’வை அணைத்து ‘மோனோ’வில் கேளுங்கள். பின்னணியில் வரும் உஸ்ஸென்ற இரைச்சல் உடனே அடங்கும். படுத்துக்கொண்டு பக்கவாட்டில் கேட்பவருக்கு ஸ்டீரியோவால் பெரிய லாபமும் இல்லை.

11. மீடியம் வேவ் கேட்பவர்களுக்கு வேறு வழி. 1966இல் தொடங்கிய கோவை வானொலி நிலையத்தை 999இல் கேட்டுப் பழகிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், வயரை இழுத்து நேரத்தை வீணாக்கவேண்டாம். மீடியம் வேவ் ஏரியல் செட்டுக்குள்ளே கறுப்புக் குச்சியாக இருக்கிறது. வயரை விட்டுவிட்டு செட்டையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் தெளியும்.

கரகர சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, வீட்டில் ஒவ்வொன்றாக அணையுங்கள். மலிவு எல்இடி பல்பு, போன் சார்ஜர், மின்விசிறி ரெகுலேட்டர் மூன்றும் முதல் குற்றவாளிகள். பக்கத்தில் நிட்டிங் மெஷினோ சர்வோ மோட்டார் வைத்த தையல் மெஷின்களோ ஓடினால் மீடியம் வேவை அந்த நேரத்துக்கு மறந்துவிடுங்கள். எஃப்எம்முக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. போனில் அரசு வானொலியின் நியூஸ்ஆன்ஏர் செயலியைப் போட்டு, புளூடூத்தில் செட்டோடு சேர்த்தும் கேட்கலாம். நெட் செலவாகும், ஆனால் இரைச்சல் இராது.

12. இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ‘ம்ம்’ என்று உறுமல் கேட்டால், உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகை. சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்த உறுமல் வராது. சதுர அலையில் சில கடிகாரங்கள் தாறுமாறாக ஓடவும் செய்யும். இதற்காக இன்வெர்ட்டரை மாற்றச் சொல்லமாட்டேன். செட்டை இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பிளக்குக்கு மாற்றிவிட்டு, பேக்கப் பேட்டரியை நம்பினால் போதும்.

13. இனி பஞ்சு. வேறு ஊர்களில் தூசி என்றால் மண். இங்கே தூசி என்றால் பருத்தி. வீட்டிலேயே இரண்டு ஓவர்லாக் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பார்ப்பவர்கள் வீட்டில், ஸ்பீக்கர் வலை மேல் வெள்ளையாக ஒரு படலம் சில வாரங்களிலேயே படிந்துவிடும். விரலால் வழித்தால் உருண்டு திரியாக வரும். இந்தப் படலம் முதலில் சாப்பிடுவது மேல்ஸ்தாயியை. ஜதியும் தபேலாவும் கேட்கும், பாடுகிறவரின் ‘ச’வும் ‘ஸ’வும் மழுங்கிவிடும். ஸ்பீக்கர் போச்சு என்று நினைப்பார்கள். அடுத்து, பின்புறக் காற்றுத் துளைகளை அடைத்து செட்டைச் சூடாக்கும். சிடி இருந்தால் லென்ஸ் மேல் உட்கார்ந்து, வட்டு சுற்றும், பாட்டு வராது.

செய்யவேண்டியது இது. பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ், புதிதாக, உலர்ந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக ஒரே திசையில் வருடுங்கள்; முன்னும் பின்னும் தேய்த்தால் பஞ்சு வலைக்குள் போய்விடும். துளைகளை வேக்குவம் கிளீனரின் சின்னக் குழாயால் உறிஞ்சலாம். கம்பெனியில் மெஷின் சுத்தம் செய்யும் கம்ப்ரஸர் காற்றை மட்டும் செட் மேல் காட்டவே காட்டாதீர்கள். அந்த வேகத்தில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துவிடும். காற்றோடு வரும் ஈரம் உள்ளே இறங்கிவிடும். சிடி லென்ஸுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸ், அழுத்தாமல் ஒரு சுற்று.

வெளிப்பக்கம் துடைக்கப் பனியன் வேஸ்ட் நம் ஊரில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. அதிலும் பார்த்து எடுக்கவேண்டும். வெட்டிய ஓரமே பஞ்சு உதிர்க்கும். சாயத் துண்டு ஈரம் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் நிறம் இறக்கும். பலமுறை துவைத்த பழைய வெள்ளைப் பனியன்தான் இதற்குச் சரி. அதையே பகலில் செட்டுக்குப் போர்வையாகப் போட்டு வைக்கலாம், பாடும்போது எடுத்துவிடுங்கள்.

14. வால்யூம் திருகைத் திருப்பும்போது கரகரக்கிறது என்று தையல் மெஷின் எண்ணெய் விடுகிறார்கள். வேண்டாம். எண்ணெயில் பஞ்சு ஒட்டி ஒரு மாதத்தில் இன்னும் மோசமாகும். செட்டை அணைத்துவிட்டுத் திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது முப்பது தடவை திருப்புங்கள். பல சமயம் அதிலேயே சரியாகும். இல்லையென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும்.

15. செட்டை வைக்கும் இடம்: பீரோ மேல் வைத்தால் தகரம் அதிரும், மூலையில் ஒட்டினாற்போல் வைத்தால் அடிக்குரல் குமுறும். சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, மரப்பலகை மேல், அடியில் நான்காக மடித்த துணி போட்டு வையுங்கள். படுத்தால் காது மட்டத்துக்கு ஸ்பீக்கர் வரவேண்டும். தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

16. எண்களின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா? டிம்மர் ஸ்விட்சைத் தேடுங்கள். இல்லையென்றால் கார் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புப் பிலிமில் ஒரு துண்டு ஒட்டுங்கள். புதிதாக வாங்கும்போது நீல எண்ணைத் தவிர்த்துச் சிவப்பு எண் உள்ளதை எடுங்கள். தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் சுரப்பை நீல வெளிச்சம் தடுக்கும்.

17. கணவனுக்கு ஒரு நேரம், மனைவிக்கு ஒரு நேரம் என்றிருக்கும் வீட்டில் இரட்டை அலாரம் உள்ள செட்தான் வேண்டும். முந்தி எழுபவருக்குப் பஸ்ஸர், பிந்தி எழுபவருக்குப் பாட்டு என்று பிரித்து வைத்தால் எது யாருக்கு என்ற சண்டை வராது. தலையில் தட்டினால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும் ஸ்னூஸ் பெரும்பாலான செட்டுகளில் 9 நிமிடம். அமெரிக்காவின் ஜிஇ-டெலிகுரான் 1956இல் கொண்டுவந்த பழக்கம் அது. இரண்டு தட்டுக்கு மேல் தட்டுகிறவர்கள் செட்டைக் கைக்கெட்டாத தூரத்தில் வையுங்கள்.

18. பாட்டு கேட்டுக்கொண்டே தூங்குகிறவர்கள் ‘ஸ்லீப்’ பட்டனைப் பழகிக்கொள்ளுங்கள். 90, 60, 30 நிமிடம் என்று வைத்தால் தானே அணைந்துவிடும்.

19. பென்டிரைவ் செட்டில் பேசமாட்டேன் என்கிறதா? பழைய செட்டுகளுக்கு எஃப்ஏடி32 வடிவம்தான் தெரியும். 32 ஜிபிக்கு மேற்பட்டவை பெரும்பாலும் வேறு வடிவில்தான் வருகின்றன. 8 அல்லது 16 ஜிபி வாங்கி, எம்பி3யாக மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். செல்போன் கடையில் மொத்தமாக ஏற்றித் தருபவை ஒரே ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும். செட் அதைப் படித்து முடிக்கவே நேரம் எடுக்கும். இளையராஜா, எம்எஸ்வி, பக்தி என்று ஐம்பது நூறாகப் பிரித்துக் கேளுங்கள்.

20. லைன் வீடுகளில் புளூடூத் ஒரு தமாஷ். சுவர் ஒன்றுதான் என்பதால் பக்கத்து வீட்டுப் பையன் போன் உங்கள் செட்டோடு ஒட்டிக்கொண்டு, நடு ராத்திரி கானா பாடும். கேட்டு முடித்ததும் எஃப்எம்முக்கோ ஆக்ஸுக்கோ மாற்றி வைத்துவிடுங்கள். பல செட்டுகளில் அதோடு புளூடூத் அணைந்துவிடும்.

21. அடாப்டர் போய்விட்டால் கிடைத்ததைச் செருகாதீர்கள். வோல்ட் அதே அளவு இருக்கவேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதை ஸ்டிக்கரிலுள்ள வட்டப் படம் காட்டும், அதுவும் பொருந்தவேண்டும். ஐஎஸ் முத்திரையோடு ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண் உள்ள அடாப்டராகப் பாருங்கள்.

22. சித்திரை, வைகாசியில் கோடை மழை இடிக்கும்போதும், ஐப்பசி அடைமழையிலும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது.

23. கரண்டுச் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: கடிகாரம் மட்டும் எரியும்போது ஒரு செட் 2 வாட் இழுக்கிறது என்று வைத்தால், வருடம் முழுக்க 17 யூனிட் சொச்சம்தான். ரேடியோ வைத்திருப்பதற்கே தபால் ஆபீஸில் ஆண்டுக்கு 15 ரூபாய் லைசென்ஸ் கட்டிய காலம் ஒன்று இருந்தது. எண்பதுகளில்தான் அதை எடுத்தார்கள்.

24. சத்தம். இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் சொல்கின்றன. தறியிலும் மெஷினிலும் நாள் முழுக்க நின்றவருக்கு வீட்டுக்கு வந்ததும் காது மந்தமாக இருக்கும். அந்தக் கணக்கில் வால்யூமைக் கூட்டினால் மற்றவர்களுக்கு அலறலாகக் கேட்கும். வால்யூம் வைப்பதை வீட்டில் வேறு ஒருவரிடம் விடுங்கள். பகலிலும் பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட்காரர் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

25. புதிதாக வாங்குபவர்களுக்கு என் கருத்து. பெரியவர்களுக்குப் பாட்டுதான் முக்கியம் என்றால், 2017இல் சரிகம கொண்டுவந்த கார்வான் வகை செட்டுகள் வசதி. பாட்டு உள்ளேயே இருக்கிறது, எஃப்எம் உண்டு, சார்ஜ் ஏற்றி வைத்தால் கரண்டு போனாலும் பாடும். அலாரம் வேண்டும் என்றால் அந்த மாடலில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது போஸ் வேவ் கொண்டுவருவதாகச் சொன்னால் மறுக்கவேண்டாம். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகனான அமர் போஸின் நிறுவனம் 1993இல் வெளியிட்ட வேவ் ரேடியோவில், நீண்ட குழாய் ஒன்றை மடித்துச் சின்னப் பெட்டிக்குள் வைத்து அடிக்குரலை வரவழைத்திருக்கிறார்கள். ஆனால் பழையதை விலைக்கு வாங்கும்போது ரிமோட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பின்னால் வந்த வேவ் மியூசிக் சிஸ்டத்தில் பட்டன்களே கிடையாது. ரிமோட் இல்லாவிட்டால் நேரம்கூட வைக்கமுடியாது. வெறும் அலாரமும் எஃப்எம்மும் போதும் என்பவர்கள் விலை குறைந்த சாதாரண செட்டே வாங்கலாம். இரட்டை அலாரம், பேக்கப் பேட்டரி, டிம்மர் மூன்றும் இருந்தால் அதற்கு மேல் செலவு தேவையில்லை.

26. ஓடாத செட்டைப் போகித் தீயில் போடாதீர்கள். பிளாஸ்டிக்கும் வயரும் எரிந்து வரும் புகை நச்சு. பேட்டரியைக் கழற்றிவிட்டு ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஸ்பீக்கர், டிரான்ஸ்பார்மர், திருகு எல்லாம் அவர்களுக்கு வேறு செட்டைப் பிழைக்கவைக்க உதவும். பழைய மாடல்களுக்குப் புது உதிரி கடையில் கிடைப்பதில்லை.